ஒரு வாளி வெண்டைக்காய்த் தண்ணீர்

வெண்டைக்காயைக் கொழகொழப்பில்லாமல் சமைப்பதில் என் அத்தையை அடித்துக்கொள்ள மெட்ராஸிலேயே ஆள் கிடையாது. அந்தத் திறமையை அவர் அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் லிவர்மோருக்கும் கொண்டுவந்ததில்தான் வினை ஆரம்பித்தது.

மலையடிவாரப் பண்ணையில் ஒரு ஜப்பானிய ஆன்டி, மரப்பட்டையை வேகவைத்துக் கூழாக்கிக் கையாலேயே காகிதம் செய்வார். கூழ் தொட்டியின் அடியில் தங்காமலிருக்க வழவழப்பான ஒரு வேர்ச்சாறு வேண்டும். அந்தச் செடி அவ்வருட வெயிலில் கருகிவிட்டது. வெண்டைக்காய் ஊறிய தண்ணீரே போதும் என்று வழி சொன்னது அம்மாதான். ஊரில் கெமிஸ்ட்ரி லெக்சரராக இருந்த அம்மாவுக்கு இங்கே டிபெண்டன்ட் விசா. வேலைக்குப் போகக் கூடாது. பகலெல்லாம் ஆன்டியின் கொட்டகையில்தான் இருப்பாள்.

அந்தச் சனிக்கிழமை ஆன்டியின் கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். அங்கே காகிதம் செய்ய ஆளில்லை. ஆன்டியின் வேலை திருப்தியாக இருந்தால், கையோடு கொண்டுவந்திருந்த, தன் அப்பா காகிதக்கூழ் அள்ளிய மூங்கில் சல்லடையைப் பெரியவர் இங்கேயே விட்டுப்போவார். இல்லையென்றால் திரும்ப எடுத்துப் போய்விடுவார்.

அம்மா குளித்துவிட்டு வருவதற்குள் சமையலறையில் வெண்டைக்காய் ஊறவைத்திருந்த வாளி அத்தையின் கண்ணில் பட்டுவிட்டது.

"எப்படிக் கொழகொழன்னு கெடந்துச்சு தெரியுமா? புளிச்ச மோர் ஊத்தி சரி பண்ணிட்டேன்."

அம்மா வாளியில் கைவிட்டுப் பார்த்தாள். வெறும் தண்ணீராக ஒழுகியது. கத்தப்போகிறாள் என்று சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அம்மாவோ ஃப்ரிட்ஜில் மதியக் குழம்புக்கு வைத்திருந்த வெண்டைக்காயை அள்ளி அத்தையின் மடியில் கொட்டினாள்.

"கார்ல ஏறுங்கக்கா. நறுக்கிட்டே வாங்க."

"எவ்வளவு கொழகொழப்பு வேணும்?"

"எவ்வளவு வருதோ அவ்வளவும்."

அத்தையிடம் வாழ்நாளில் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

ஆன்டியின் கொட்டகையில் அத்தை பிசைந்த சாற்றை வடிகட்டி அம்மா தொட்டியில் கலந்தாள். முதல் தாள் திட்டுத்திட்டாக வந்தது. பெரியவர் வாசலைப் பார்த்தார். அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் பிழிந்தார். ஆன்டி மறுபடி சல்லடையை முக்கி, ஆட்டித் தூக்கினார். தாள் ஒரே சீராகப் படிந்திருந்தது. பெரியவர் தொட்டியில் விரல் விட்டு இழுத்துப் பார்த்து, ஜப்பானிய மொழியில் ஏதோ கேட்டார். ஆன்டி அம்மாவைக் காட்டிப் பதில் சொன்னார். பிறகு எங்களிடம் இங்கிலீஷில், "இவர் என்னோடு வேலை செய்கிறவர் என்றேன்" என்றார். பெரியவர் அம்மாவின் முன்னால் இடுப்பு வளையக் குனிந்தார்.

சல்லடை அங்கேயே தங்கிவிட்டது. திரும்பும் வழியில் அம்மா காரை ஓரங்கட்டி விசும்பி விசும்பி அழுதாள்.

"வீ டிட் இட், அம்மா! வொய் ஆர் யூ க்ரையிங்?"

"சும்மா இருடா" என்று அத்தை அம்மாவின் முதுகைத் தடவினார். மோர் ஊற்றியதற்கு இப்போதுதான் அழுகை வந்திருக்கிறது என்று அன்று நினைத்து, அத்தை மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.