இருபது கிராமில் ஐந்து லிட்டர்

கல்லூரி வேதியியல் கூடத்தில் ஒன்பது வருஷமாகக் கண்ணாடிச் சாமான் கழுவுகிறவளை மாணவர்கள் குடுவை அக்கா என்பார்கள். கை கழுவிக்கொண்டிருக்கும், காது சும்மா இருக்காது. பேராசிரியர் போடும் கணக்கெல்லாம் அவள் தலைக்குள் ஏறிவிடும். உதவியாளர் வேலைக்கு மூன்று முறை மனு போட்டாள். மூன்று முறையும் 'பார்க்கலாம்' என்றார்கள்.

செய்முறைத் தேர்வன்று உதவியாளர் காய்ச்சலில் படுத்துவிட்டார். சோடியம் ஹைட்ராக்சைடு டப்பாவைத் திறந்தால் அடியில் கொஞ்சம் வில்லைகள்தான். குடுவை அக்கா தராசில் வைத்தாள், இருபது கிராம். பேராசிரியர் வெலவெலத்துப்போனார். அந்தக் கூடத்தில் காலங்காலமாக லிட்டருக்கு நாற்பது கிராம்தான் பழக்கம். இது அரை லிட்டருக்குத்தான் காணும், நாற்பத்தெட்டுப் பேருக்கு ஆளுக்கு நூறு மில்லிக்கு எங்கே போவது, தேர்வைத் தள்ளிவைக்க வேண்டியதுதான் என்று தலையில் கைவைத்துக்கொண்டார். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மா கடிகாரத்தைப் பார்த்தார்.

குடுவை அக்கா கழுவுவதை நிறுத்திவிட்டுப் பலகையைப் பார்த்தாள். பலகையில் 0.1 மோலார் என்று எழுதியிருப்பது அவள் கண்ணுக்கு மட்டுமா தெரிகிறது? வாயைத் திறந்து தப்பாகிவிட்டால் மனு குப்பைக்குத்தான் போகும். போனால் போகட்டும் என்று வடிதாள் ஒன்றில் மளமளவென எழுதி நீட்டினாள்.

"சார், நாம எப்பவும் போடுற லிட்டருக்கு நாப்பது கிராம், ஒரு மோலார். இன்னிக்கு வேண்டியது அதுல பத்துல ஒரு பங்கு. இருபது கிராம்னா அரை மோல். அரையைப் புள்ளி ஒண்ணால வகுத்தா அஞ்சு லிட்டர். நமக்கு நாலு புள்ளி எட்டு போதும்."

பேராசிரியர் தாளை இரண்டு முறை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "போடுங்க" என்றார்.

வில்லைகளைக் கரைத்து, ஆறவைத்து, லிட்டர் குடுவையில் கோடுவரை நிரப்பிப் பெரிய ஜாடியில் ஊற்றினாள். அதே குடுவையால் நான்கு முறை தண்ணீர் அளந்து சேர்த்துக் கலக்கினாள். தேர்வாளர் அம்மா லேசில் நம்புகிறவர் இல்லை. அளவு தெரிந்த அமிலத்தில் நிறங்காட்டியைச் சொட்டிவைத்து, அளவுக்குழாயிலிருந்து இந்தக் கரைசலை விட்டால், சரியாக இருந்தால் இருபது மில்லியில் நிறம் மாறவேண்டும் என்றார். பத்தொன்பது தாண்டியும் அமிலம் நிறமில்லாமலே இருந்தது. இருபதாவது கோட்டில் ஒரே ஒரு சொட்டு விழுந்தது. குடுவை முழுக்க இளஞ்சிவப்பு!

மணி அடித்தது, நாற்பத்தெட்டுப் பேரும் உள்ளே வந்தார்கள். பேராசிரியர் அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"கழுவுறதுக்கு வேற ஆள் கேட்டு எழுதுறேன். நாளையிலேர்ந்து நீங்க கரைசல் போடுங்க."

அவளுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. சுற்றிலும் கண்ணாடிச் சாமான் என்பதால் குதிக்கவில்லை.

"நாளைக்கு எத்தனை மோலார் சார்?" என்று கேட்டாள்.