பிடிக்கிற கை

வேலை பார்த்த தையல் கம்பெனி மூடப்பட்ட பிறகு, வீட்டில் சும்மா உட்கார முடியாமல்தான் அவள் அந்த இன்டர்வியூவுக்குப் போனாள். ஷாம்பு, களிம்பு, கண் மருந்து என்று பலதும் தயாரிக்கிற பெரிய நிறுவனம். பின்பக்கம் ஜன்னலே இல்லாத ஒரு கட்டடம் தனியாக நின்றது. அங்கே முயல்களைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த மிருக டாக்டரம்மா கையிலிருந்த காகிதத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், "முயல் பிடிக்குமா?" என்று கேட்டார்.

"பிடிப்பேன் மேடம்," என்றாள்.

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை. "நான் கேட்டது வேற. ஆனா எனக்கு வேண்டியது நீங்க சொன்னதுதான்," என்று சொல்லி அன்றைக்கே எடுத்துக்கொண்டார்.

இந்தக் கதை ஒரே வாரத்தில் கேன்டீன் வரைக்கும் போய், அவளுக்குப் பெயர் விழுந்தது. பிடியக்கா. அவளைவிட வயதில் மூத்த வாட்ச்மேனும் அப்படியே கூப்பிட்டார்.

முயலைக் காதைப் பிடித்துத் தூக்குவது படங்களில்தான். தோளுக்கு மேலே இருக்கிற தோலை ஒரு கை தளர்வாகப் பற்ற வேண்டும், மறு கை பின்பாகத்தை அடியிலிருந்து தாங்க வேண்டும். பின்னங்கால் அந்தரத்தில் தொங்கினால் அது உதைக்கும். பயந்த முயல் உதைக்கிற வேகத்தில் அதன் முதுகெலும்பே ஒடிந்துவிடும். தூக்கியதும் நெஞ்சோடு அணைத்து, தலையை முழங்கை மடிப்புக்குள் செருகிக்கொண்டால் வெளிச்சம் தெரியாமல் அடங்கிவிடும். பிடியக்காவுக்கு இதைக் கற்றுக்கொடுக்க அரை நாள்கூட ஆகவில்லை. அவள் கையில் ஏறிய முயல் சாக்கு மாதிரி தளர்ந்து கிடக்கும். மூக்கு மட்டும் துடித்துக்கொண்டிருக்கும்.

அப்படிக் கிடக்கும்போது டாக்டரம்மா கீழ் இமையைக் கிண்ணம் மாதிரி இழுத்து, சோதிக்க வேண்டிய திரவத்தை ஒரு சொட்டு விடுவார். இமையைச் சற்று நேரம் மூடிப் பிடிப்பார். ஒரு கண்ணில் மட்டும்தான். மறு கண்ணை ஒத்துப் பார்ப்பதற்காக விட்டுவிடுவார்கள். அடுத்தடுத்த நாட்களில் எவ்வளவு சிவந்திருக்கிறது, எவ்வளவு வீங்கியிருக்கிறது என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். வேலை முடிந்த முயல்களுக்குக் காது நரம்பில் கடைசி ஊசி. அதற்கும் பிடியக்காதான் பிடிக்க வேண்டும்.

நிறுவனத்துக்கு அவள் கை முக்கியமாக இருந்தது. முரண்டு பிடிக்கிற முயல் காலால் கண்ணைத் தேய்த்துவிட்டால், சிவப்பு திரவத்தால் வந்ததா நகத்தால் வந்ததா என்று சொல்ல முடியாது. அவள் பிடிக்கிற முயல்களில் அந்தச் சந்தேகமே வந்ததில்லை. வெளியிலிருந்து பார்வையிட வருகிறவர்களிடம் டாக்டரம்மா அவளைத்தான் காட்டுவார். "இவங்க தொட்டா அதுங்களுக்கு பயமே வராது." அவளுக்கும் அதில் பெருமைதான். இல்லை என்று அவள் ஒருபோதும் சொன்னதில்லை.

வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் உச்சியில் மோட்டார் அறைகளில் கிரீஸ் பூசிக்கொண்டு வேலை செய்கிறவர். எதற்காவது அவள் அடம் பிடித்தால், "உன்கிட்ட பேசி ஜெயிக்க முடியுமா? நீ பிடிச்ச முயலுக்கு மூணு கால்தானே," என்பார். "தினமும் எண்ணித்தான் பாக்குறேன், நாலுதான் இருக்கு," என்பாள். கல்யாணமான புதிதில் இல்லாத இந்தப் பேச்சு, அந்த வேலைக்குப் போன பிறகு வந்து வீட்டோடு தங்கிவிட்டது.

ஒரே மகள். அம்மா வேலைக்குச் சேர்ந்தபோது பள்ளிக்கூடத்தில் இருந்தவள், பிறகு மருந்தியல் படித்து, ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மருந்துக் கவுன்டரில் வேலைக்கு உட்கார்ந்தாள். வீட்டில் எல்லோரும் கொஞ்சம் நிமிர்ந்து நடந்த காலம் அது.

அந்த வேலையை விட்டு மனது எப்போது திரும்பியது என்று கேட்டால் பிடியக்காவால் தேதி சொல்ல முடியாது. ஆனால் ஒரு ஷாம்பு நினைவிருக்கிறது. மேஜையில் பாட்டிலைப் பார்த்ததும், "மேடம், இதை போன மழைக்கு முன்னாடியே பண்ணிட்டோமே?" என்று கேட்டாள்.

"அது பச்சை. இது நீலம்."

"நிறம் மட்டும்தான் வேறயா?"

"நிறமும் ஒரு கெமிக்கல்தானே. மார்க்கெட்டிங்ல நீலம்தான் விக்கும்னு சொல்றாங்க. நாம பண்ணித்தான் ஆகணும்." டாக்டரம்மாவின் குரலிலும் உற்சாகம் இல்லை.

பண்ணினார்கள். மறுநாள் காலை அவள் தீவனத் தட்டோடு உள்ளே நுழைந்தபோது, அவள் செருப்புச் சத்தம் கேட்டு முயல்கள் எல்லாம் வழக்கம்போல் கூண்டுகளின் முன்பக்கத்துக்கு வந்தன. ஒரு கண் வீங்கி மூடியிருந்தவையும் வந்தன. கம்பிக்கு வெளியே மூக்கை நீட்டி நின்றன. பதினெட்டு வருஷமாகப் பார்க்கிற காட்சிதான். அன்றைக்கு அவளுக்குத் தட்டைக் கீழே வைத்துவிட்டு நிற்கத்தான் முடிந்தது.

அதன் பிறகு அவள் செய்தது அவளுக்கே சிரிப்பாக இருந்தது. முயல்கள் தன்னைக் கண்டு பயப்பட வேண்டும் என்று நினைத்தாள். எப்போதும் பேசிக்கொண்டே உள்ளே போகிறவள் வாயை மூடிக்கொண்டு போனாள். கதவைப் படாரென்று சாத்தினாள். வேறு செருப்பு போட்டுப் பார்த்தாள். ஒரு நாள் கூண்டைக் கையால் தட்டினாள். முயல்கள் திடுக்கிட்டுப் பின்னால் ஓடின, உடனே திரும்பி வந்து மூக்கை நீட்டின. தீவனம் கொண்டுவருகிற ஆளை முயல் எப்படி வெறுக்கும்?

டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னாள்.

"அதுங்களுக்கு ரெண்டையும் முடிச்சுப் போட்டுப் பாக்கத் தெரியாது பிடியக்கா. சொட்டு விட்டது வேற, சாப்பாடு வெக்கிறது வேற. நீங்க போட்டுக் குழப்பிக்காதீங்க."

"அதுக்குத் தெரியல, சரி மேடம். எனக்குத் தெரியுதே."

வேலையை விடலாம் என்று முதலில் வீட்டுக்காரரிடம்தான் சொன்னாள். அவர் சட்டைப் பையில் ஸ்குரூ டிரைவரைத் தேடிக்கொண்டிருந்தார். "விட்டுடேன்," என்றார். "இத்தனை வருஷமா நானும் மேலயும் கீழயும் போயிட்டு வரேன், எங்கயாவது போய்ச் சேர்ந்தேனா? விட்டுட்டு என்ன பண்ணுவ, அதை மட்டும் சொல்லு."

மகள்தான் கோபப்பட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு, பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் நின்றபடி கேட்டாள்.

"நான் நாள் பூரா எடுத்துக் குடுக்கிற மாத்திரை மருந்து எல்லாம் எங்கிருந்தும்மா வந்துச்சு? உன்னை மாதிரி யாரோ ஒருத்தர் பிடிச்சதாலதானே?"

"நான் தப்புன்னு சொல்லலையே. என்னால முடியலன்னு சொல்றேன்."

"பதினெட்டு வருஷம் முடிஞ்சுதே?"

"முடிஞ்சுது."

"அந்தச் சம்பளத்துலதான் நான் படிச்சேன். அப்ப என் படிப்பும் உனக்கு உறுத்துதா?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும் என்று பிடியக்காவுக்குப் பிறகு தோன்றியது. அந்தக் கணத்தில் பொய் சொல்ல வரவில்லை. உண்மை என்னவென்றும் தெரியவில்லை. மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன் பிறகு இருவரும் உப்பு சப்பில்லாமல், வேண்டியதை மட்டும் பேசிக்கொண்டார்கள்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். "உங்க முடிவை நான் மதிக்கிறேன். ஒண்ணே ஒண்ணு யோசிங்க. நீங்க போனா இந்த வேலை நிக்காது. வேற ஆள் வருவாங்க. உங்கள மாதிரி பிடிக்க மாட்டாங்க. கஷ்டப்படப்போறது யாரு?"

அந்த ஒரு கேள்விக்காகவே மேலும் ஒரு மழைக்காலம் அங்கே இருந்தாள். தினமும் பிடித்தாள். கை பழகியபடியே வேலை செய்தது. வீட்டுக்கு வந்தால் மட்டும் உள்ளங்கையில் முயலின் இதயத் துடிப்பு நிற்காமல் இருந்தது. தூக்கம் போயிற்று, பசி போயிற்று. பாத்திரத்தைக் கழுவும்போதுகூட அது துடித்தது. கடைசியில் விடை கிடைத்ததால் அவள் போகவில்லை, விடை இல்லாமலேதான் போனாள்.

கடைசி நாள் கேன்டீனில் கேக் வெட்டினார்கள். வாட்ச்மேன் அழுதார். நிறுவனத்தின் பரிசாக ஒரு பெரிய பை கொடுத்தார்கள். உள்ளே அவர்களுடைய சரக்கு எல்லாவற்றிலும் ஒவ்வொன்று இருந்தது. நீல நிற ஷாம்புவும் இருந்தது. அவள் எல்லாவற்றையும் குளியலறை அலமாரியில் வைத்துவிட்டுத் தொடாமல் இருந்தாள். வீட்டுக்காரர் எடுத்துத் தேய்த்துக் குளித்து ஒன்றொன்றாகத் தீர்த்தார். "பாவத்தைத் தலையில கட்டிக்கிறேன்னு நினைக்காதே. தலையில இருக்கிற கிரீஸ் போகணும்ல," என்றார்.

கடைத்தெருவில் திரைச்சீலை தைத்துக் கொடுக்கிற கடையில் அவளுக்கு வேலை கிடைத்தது. சம்பளம் குறைவு, முதுகு வலி அதிகம். துணி யாரையும் தேடிக்கொண்டு முன்னால் வருவதில்லை. அது நிம்மதியாக இருந்தது. பழைய தையல் பழக்கம் கைக்குத் திரும்ப ஒரு மாதம் பிடித்தது. கடை முதலாளி ஒரு நாள், இதற்கு முன் எங்கே இருந்தாய் என்று கேட்டபோது, "முயல் பிடிச்சிட்டு இருந்தேன். கண்ணுல மருந்து விடுறதுக்கு," என்றாள். அவர் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒரு மதியம் டாக்டரம்மா போன் செய்தார். புதிதாக எடுத்த ஆள் முன்பு பார்சல் கம்பெனியில் மூட்டை ஏற்றி இறக்கியவர். அவர் கையில் ஒரு முயல் உதைத்து முதுகு ஒடிந்துவிட்டது. "ஒரு ரெண்டு நாள் வந்து சொல்லிக் குடுங்க பிடியக்கா. உங்களைத் தவிர யாரைக் கேக்குறதுன்னு தெரியல."

"இல்ல மேடம். என்னை விட்டுடுங்க," என்று சொல்லி வைத்துவிட்டாள். அன்று தைத்த திரையில் ஓரம் கோணிக்கொண்டு போயிற்று. பிரித்துத் தைத்தாள். மறுபடியும் கோணியது. சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். "வரேன். பிடிக்க மட்டும் சொல்லித் தரேன். சொட்டு விடும்போது நான் அங்க இருக்க மாட்டேன்."

பார்சல்காரர் அவள் வயதுதான் இருப்பார். முரட்டு ஆள் என்று நினைத்துக்கொண்டு போனவளுக்கு, அவர் கை நடுங்குவது முதலில் கண்ணில் பட்டது.

"அது ஒரு தடவை கத்துச்சும்மா," என்றார். "முயல் கத்தும்னே எனக்குத் தெரியாது. அப்பலேர்ந்து கூண்டைத் திறந்தாலே கை ஆடுது."

"உங்க கை ஆடுனா அதுவும் ஆடும். இறுக்காதீங்க. விட்டும் பிடிக்காதீங்க. அடியில கையைக் குடுங்க... இன்னும் உள்ள. உட்கார இடம் கிடைச்சுடுச்சுன்னு அதுக்குத் தோணணும்."

"பார்சல்ல 'மேல் பக்கம்'னு அம்புக்குறி போட்டிருக்கும். இதுல ஒண்ணும் இல்லையே," என்றார் அவர். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பிலேயே அவர் கை சற்றுத் தளர்ந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் ஒரு முயல் அவர் முழங்கை மடிப்புக்குள் தலையை நுழைத்து அசையாமல் கிடந்தது. "பிடிச்சுட்டேன்," என்று கிசுகிசுத்தார். டாக்டரம்மா பாட்டிலோடு வருவதைப் பார்த்ததும் பிடியக்கா வெளியே வந்து, காலி கூண்டுகள் அடுக்கியிருந்த நடையில் நின்றாள். உள்ளே சத்தம் எதுவும் வரவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது, செய்தது சரிதானா என்று யோசித்தாள். தன் கையை இன்னொருவரிடம் ஒட்டவைத்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. வராமல் இருந்திருந்தாலும் தூங்கியிருக்க மாட்டாள். வீட்டில் சொன்னபோது வீட்டுக்காரர் கேலி எதுவும் செய்யவில்லை. மகள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "அந்த ஆள் நல்லா பிடிக்கிறாரா?" என்றாள்.

"பிடிக்கிறார்."

"பயந்தவரா இருக்காரேம்மா."

"பயந்தவங்கதான் கத்துக்குவாங்க."

பல மாதம் கழித்து, வேண்டியதற்கு மேல் அவர்கள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

பிற்பாடு, கண்ணாடித் தட்டில் வளர்க்கிற உயிரணுக்களிலேயே ஷாம்புக்களைச் சோதித்துவிடலாம் என்று வந்து, நிறுவனம் அந்தக் கட்டடத்தில் பாதியை மூடியது. பார்சல்காரரைக் கிடங்குக்கு மாற்றினார்கள். மருந்துகளுக்கு மட்டும் முயல்கள் இன்னும் இருப்பதாக டாக்டரம்மா சொன்னார். இதில் எதுவும் பிடியக்கா விட்டதால் நடந்ததல்ல. அவளும் அப்படி நினைக்கவில்லை. "நல்லது மேடம்," என்று மட்டும் சொன்னாள்.

மகள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வேறு வீடு பார்த்துக்கொண்டு போனபோது, ஜன்னல்களுக்குத் திரை வேண்டும் என்று கடைக்கே வந்து அம்மாவிடம் சொன்னாள். அந்த ஞாயிற்றுக்கிழமை பிடியக்கா அளவு நாடாவோடு போனாள். இரண்டு ஜன்னல், கிழக்கில் ஒன்று, சமையலறையில் ஒன்று. மகள் ஸ்டூல் மேல் ஏறி நாடாவின் நுனியைப் பிடித்துக்கொள்ள, இவள் கீழே குனிந்து அளவெடுத்தாள்.

"என்ன நிறம் வேணும்?"

"வெயில் உள்ள வரக்கூடாது, அவ்வளவுதான். நிறம் நீயே பாரு."

"அப்புறம் பிடிக்கலன்னு சொல்லக்கூடாது."

"சொல்ல மாட்டேன்," என்று சொல்லிவிட்டு மகள் ஸ்டூலிலிருந்து இறங்கித் தேநீர் போடப் போனாள்.