அடைக்குக் கேட்ட முட்டை

அய்யம்பெருமாள் பிள்ளை யாரையும் நம்பமாட்டார். நாகர்கோவில் பதிவுக் கச்சேரி வாசலில் ஆதாரம், அதாவது நிலப் பத்திரம், எழுதுவது அவருக்குத் தொழில். நிலம் விற்கிறவனும் வாங்குகிறவனும் எதிரெதிரே உட்கார்ந்து சிரித்துப் பேசினால், இதில் எவன் எவனை ஏமாற்றுகிறான் என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பார். அப்படி அவர் சந்தேகப்பட்டதில் பாதிக்குமேல் சரியாகவும் இருந்துவிட்டது. அதுதான் வந்த வினை. ஒருமுறையாவது நன்றாக மூக்குடைபட்டிருந்தால் மனுஷன் கொஞ்சம் திருந்தியிருப்பார்.

அப்பேர்ப்பட்டவர் கையில் கோழி வந்து சேர்ந்தது நாற்பத்தேழாம் வருஷம். தேங்காய்ப்பட்டணத்துக் கொப்பரை வியாபாரி மைதீன் கனிக்குச் சகோதரர்களோடு பாகப்பிரிவினை. ஒரு சொல் முன்பின் ஆகாமல் ஆதாரம் எழுதிக் கொடுத்தார் பிள்ளை. அந்தச் சந்தோஷத்தில் மைதீன் கனி ஒரு சேவலையும் பெட்டையையும் கூடையில் போட்டு அனுப்பிவிட்டார். பிள்ளை வீடு சைவம் என்பதை அவர் யோசிக்கவில்லை, பாவம்.

இரண்டுக்கும் தலைக்குக் கீழே தோள்வரை கழுத்தில் பூடையே கிடையாது, ஓர் இறகுகூட இல்லாத வெறும் தோல். பிறவியே அப்படி. ஊரில் கழுத்தறுத்தான் கோழி என்பார்கள். திருப்பி அனுப்பத்தான் பிள்ளை கூடையைத் திறந்தார். சேவல் சிவந்த கழுத்தை நீட்டி, ஒற்றைக் கண்ணால் அவரை ஏற இறங்கப் பார்த்தது. தன்னைப்போல் எவரையும் நம்பாத ஒரு சீவனை அன்றுதான் அவர் முதன்முதலில் கண்டார். மூடிவிட மனம் வரவில்லை.

வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. மனைவி உலகம்மாள் முட்டை ஓடு கிடந்த இடத்தைக்கூடச் சாணி தெளித்துத்தான் தாண்டுவாள். அதனால் பழையாற்றங்கரையில் இருந்த தம்முடைய தென்னந்தோப்பில் ஓலைக்கூரை போட்டு ஒரு கூடு கட்டினார். கதவுக்குப் பித்தளைப் பூட்டு. சாவி பூணூல் மாதிரி எப்போதும் மார்பில் தொங்கியது. அவர் தோப்பிலிருந்து திரும்பும்போதெல்லாம் உலகம்மாள் சோறு போடுகிற சாக்கில் அருகே வந்து, வாயில் முட்டை வாடை அடிக்கிறதா என்று மூச்சை இழுத்துப் பார்ப்பாள். தின்னாதவன் எதற்காகக் கோழி வளர்க்கிறான்? சொந்தக்காரர்களும் இதையேதான் கேட்டுக்கொண்டார்கள், அவர் காது கேட்காத இடத்தில். உலகத்தையே சந்தேகப்பட்டவரை ஊர் சந்தேகப்பட்டது.

அடுத்த வருஷம் நாகர்கோவிலில் நடந்த விவசாயக் கண்காட்சிக்குச் சேவலைக் கொண்டுபோனார். திருவனந்தபுரத்திலிருந்து வந்த மிருக வைத்தியர்தான் நடுவர். கழுத்தின் முன்பக்கம் விரல் நுனி அகலத்துக்கு ஒரு குஞ்சம் இருந்தது. அதைத் தொட்டுக் காட்டி, சுத்த இனத்துக்கு இந்தப் பூடைக் குஞ்சமும் இருக்கக்கூடாது என்று சொல்லி நகர்ந்துவிட்டார் அவர். பிள்ளைக்கு அது சுருக்கென்று தைத்தது. தாம் எழுதிய ஆதாரத்தில் ஒருவன் எல்லைக் குறை கண்டுபிடித்ததுபோல ஆகிவிட்டது.

அன்று பிடித்த பிடி. குஞ்சமில்லாத கழுத்து வேண்டும், அதுவும் சந்ததி சந்ததியாக வரவேண்டும். பொரித்த குஞ்சுகளில் சிலதுக்குக் கழுத்து நிறையப் பூடை இருக்கும், பலதுக்குக் குஞ்சம் இருக்கும், ஏதோ ஒன்றிரண்டுதான் சுத்தமாக வரும். சுத்தமானதை மட்டும் நிறுத்திக்கொண்டு மற்றதையெல்லாம் தேங்காய்ப்பட்டணத்துக்கு மைதீன் கனியிடம் அனுப்பிவிடுவார். அங்கே அவை என்ன ஆகும் என்று இவர் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. கண்ணுக்கு எட்டாத இடத்தில் நடப்பது சைவத்துக்குப் பங்கமில்லை என்று பிள்ளை தமக்குத்தாமே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தார்.

இப்படிக் கழித்துக் கழித்துக் கடைசியில் ஒரு செஞ்சேவலும் ஒரு சாம்பல் பெட்டையும் தேறின. இரண்டுக்கும் கழுத்து மழுமழுவென்று இருந்தது. இவற்றுக்குப் பிறந்ததில் குஞ்சம்கூட வரவில்லை. பருந்தும் கீரியும் தூக்கிக்கொண்டு போனதுபோக நின்றது அந்தச் சோடி மட்டும். பிள்ளை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தார். சேவலின் கழுத்துக்குத் தினமும் தேங்காயெண்ணெயும் மஞ்சளும் தேய்ப்பார். முட்டை ஒவ்வொன்றிலும் கரித்துண்டால் ஒரு கோடு இழுத்து, கூட்டுக்குள்ளேயே ஓர் உமிப் பானையில் அடுக்கிவைப்பார். கோடில்லாத முட்டை எதுவும் அவருடையதில்லை.

தோப்பை ஒட்டிய தோட்டம், அந்த ஊர்ப் பேச்சில் விளை, நேசபாயுடையது. புருஷன் குலசேகரத்துப் பக்கம் ரப்பர் வெட்டப் போய், ஞாயிறுக்கு ஞாயிறு வருவான். அவள் ஓலை முடைந்து விற்பாள், நாலு கோழியும் வளர்த்தாள். பிள்ளையின் கோழிக்கூட்டுக் கூரைக்கு ஓலை முடைந்ததும் அவள்தான். ஐம்பத்திரண்டு மார்கழியில் அவளுடைய கோழி ஒன்று அடைக்கு உட்கார்ந்தது. வேலியோரம் வந்து நின்று, கழுத்தறுத்தான் முட்டை கொஞ்சம் தந்தால் தன் கோழியில் வைத்துப் பொரிக்கிறேன், பாதிக் குஞ்சு உங்களுக்கு என்று கேட்டாள்.

உறைக்கு மோரும், விதைக்கு நெல்லும், அடைக்கு முட்டையும் கேட்டால் இல்லையென்று சொல்லாத ஊர் அது. சண்டைக்காரிகூடக் கேட்டு வாங்குவாள். கோழி வளர்த்தாலும் கோழி வளர்ப்பவர்களின் மரியாதை பிள்ளைக்குத் தெரியாது. இவள் யார் சொல்லி வந்து கேட்கிறாள் என்றுதான் அவர் யோசித்தார். கண்காட்சியில் போட்டிக்கு நிற்கிற எவனோ அனுப்பியிருப்பான் என்று முடிவும் கட்டிவிட்டார்.

“முட்டை இல்லை” என்றார். உமிப் பானை அவர் காலடியிலேயே இருந்தது. நேசபாய் பானையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், திரும்பி நடந்துவிட்டாள்.

சுசீந்திரம் தேரன்று மட்டும் பிள்ளை தோப்புக்குப் போகவில்லை. மறுநாள் விடியக்காலம் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தார், பானையில் கரிக்கோடுகளைப் பார்த்தார், எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. சாம்பல் பெட்டையையே அடைக்கு வைத்தார். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும் என்று அடைப் பெட்டியில் ஓர் இரும்பாணியும் கரித்துண்டும் போட்டார். தையில் குஞ்சு பொரித்தது. ஒன்றுவிடாமல் அத்தனைக்கும் கழுத்து நிறையப் பூடை.

பிள்ளை குனிந்து உட்கார்ந்தார். உடைந்த ஓடுகளைப் பொறுக்கி ஒட்டவைத்துப் பார்த்தார். கோடு இருந்தது. பூட்டு உடையவில்லை, சாவி மார்பை விட்டு இறங்கவில்லை. உலகம்மாள் தூங்கும்போது சாவியை எடுத்திருப்பாளோ என்றுகூட நினைத்துப் பார்த்தார், முட்டையை அவள் தொடவேமாட்டாள் என்று தெரிந்தும். வேலிப்பக்கம் போய் நேசபாயின் விளையை எட்டிப் பார்த்தார். அவள் குனிந்து ஓலை முடைந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை. நெஞ்சில் என்னவோ உறுத்தியது. ஆனால் கோடு இருக்கிறதே! எழுத்து சரியாக இருந்தால் அவர் தொழிலில் அதற்குமேல் கேள்வி கிடையாது.

முட்டை பொய் சொல்லாதென்றால் பொய் சொன்னது பெட்டைதான். ஊர்க்கோழிச் சேவல் எதுவோ எப்படியோ உள்ளே வந்திருக்கிறது. ஒருமுறை கெட்டுப்போன பெட்டை என்றைக்கும் கெட்டதுதான் என்று எவனோ சொன்னதும் நினைவுக்கு வந்தது. கூட்டின் மூலையில் அது குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்து வைத்துக்கொண்டு அவரைப் பார்த்துக் கொக்கரித்தது. மறுநாளே அதைச் சாக்கில் கட்டித் தேங்காய்ப்பட்டணத்துக்கு அனுப்பிவிட்டார். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்று உலகம்மாளிடம் சொன்னார். அவள் அதையும் நம்பவில்லை.

மாசியில் கண்காட்சி. செஞ்சேவலை நாடார் பள்ளிக்கூடத்தில் மேசை உயரத்துக்கு ஒரு பலகையில் நிறுத்தியிருந்தார்கள். அதே மிருக வைத்தியர் வந்தார். கழுத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார், கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடியும் தேய்த்தார். குஞ்சம் இருக்கவேண்டிய இடம் மட்டும் கன்றிச் சிவந்திருக்கிறதே, பூடையைப் பறித்தீர்களா என்று கேட்டார். போன வருஷம் ஒருவன் அப்படிப் பறித்துக் கொண்டுவந்து பிடிபட்டிருந்தான். தினமும் எண்ணெய் தேய்த்ததில் சிவந்தது என்று பிள்ளை சொன்னார். வைத்தியர் சிரிக்காமல், அப்படியானால் இதன் பெட்டையைக் காட்டுங்கள், குஞ்சுகளையாவது காட்டுங்கள் என்றார்.

பிள்ளை எதைக் காட்டுவார்? பெட்டையை அனுப்பியாயிற்று. குஞ்சுகள் இருக்கின்றன, அத்தனையும் பூடைக் கழுத்து. கொண்டுவந்து காட்டினால் தாமே தம் குற்றத்துக்குச் சாட்சி சொன்னதாகிவிடும். சுற்றிலும் அவரிடம் ஆதாரம் எழுதினவர்கள் நின்றார்கள். ஒரு சேவலுக்கே கள்ளம் செய்கிறவர் நம் நிலத்துக்கு என்ன செய்திருப்பாரோ என்று ஒவ்வொரு முகத்திலும் எழுதியிருந்தது. இத்தனை வருஷமாக அவர் மற்றவர்களைப் பார்த்த அதே பார்வை. அது இப்படிச் சுடும் என்று அவருக்கு இதுவரை தெரியாது. நாளைக்குப் பதிவுக் கச்சேரி வாசலில் தம்முடைய பாயில் யார் வந்து உட்காருவார்?

கூட்டத்தில் ஓலைப்பெட்டி விற்க வந்த நேசபாயும் நின்றிருந்தாள். தீர்ப்பு எழுத எவ்வளவு நேரம் ஆகும் என்று வைத்தியரிடம் கேட்டாள். சாயங்காலம் என்றார் அவர். பெட்டிகளைப் பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டு, அந்த வெயிலில் ஊருக்கு நடந்தாள். திரும்பி வரும்போது தலையில் ஒரு கடவம், மூடி போட்ட பெரிய ஓலைக்கூடை. இறக்கி மூடியை எடுத்தாள். ஒரு நாட்டுக்கோழி, அதன் வயிற்றுக்கடியில் ஒரு மாதக் குஞ்சுகள். ஒரு குஞ்சின் கழுத்திலும் பூடை இல்லை, குஞ்சமும் இல்லை.

“பிள்ளைவாள் மேல குத்தமில்ல, சாரே. இது அவிய முட்டை. தேரன்னைக்கு நாந்தான் கூரை ஓலையை நீக்கி எடுத்தேன். எடுத்த அளவுக்கு எங் கோழி முட்டையை வச்சு, கரிக்கோடும் போட்டேன். அடைக்குக் கேட்டேன், இல்லேன்னுட்டாவ.” பிள்ளையைப் பார்க்காமலே மேலும் சொன்னாள். “அவிய இதுங்கூடக் கெடந்து படுத பாட்டை ஆறு வருசமா வேலிக்கு அந்தால நின்னு பாக்குகேன். பூடையைப் பறிச்சாவன்னு சொன்னா கேட்டுக்கிட்டு நிக்க முடியுமா?”

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். திருட்டை ஒப்புக்கொண்டவளைப் பிள்ளை நினைத்தால் அன்றே போலீசில் பிடித்துக் கொடுக்கலாம், அது அவளுக்கும் தெரியும். வைத்தியர் குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு சேவலின் காலில் சிவப்பு நாடாவைக் கட்டினார்.

நான் அப்போதே நினைத்தேன் என்ற சொல் பிள்ளையின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தபோது நெஞ்சில் உறுத்தினது இதுதானே. ஆனால் அடுத்த நிமிஷமே சாம்பல் பெட்டை நினைவுக்கு வந்தது. அது ஒரு பாவமும் அறியாதது.  நாடா கட்டிய சேவலை அங்கேயே விட்டுவிட்டு, தேங்காய்ப்பட்டணத்துக்குப் பஸ் ஏறினார்.

மைதீன் கனி அவரை வாசல்வரை வந்து வரவேற்றார். மருமகன் முதல் விருந்துக்கு வந்திருந்த சமயம் பார்த்து அந்தப் பெட்டை வந்து சேர்ந்ததாம். இப்படி ஒரு ருசியை வாழ்நாளில் கண்டதில்லை என்று மருமகனே சொன்னானாம். பிள்ளைவாளுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிள்ளை துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அந்த வீட்டு வாசலிலேயே அழுதார். அவர் அழுது யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை. தன் விருந்துபசாரத்தில் என்ன தப்பு நேர்ந்தது என்று மைதீன் கனிக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

இப்போது சேவல் ஒன்றுதான் மிச்சம். அதன் வம்சத்தில் பெட்டை வேண்டுமென்றால் அது நேசபாயின் கடவத்தில்தான் வளர்ந்துகொண்டிருந்தது. பிள்ளை நினைத்தால் அத்தனையும் என்னுடையது என்று அள்ளிக்கொண்டு வரலாம். வேலியோரம் போய் வெகுநேரம் நின்றார். தென்னைக்கு உரம் வைப்பதைப் பற்றிப் பேசினார், மழை இல்லாததைப் பற்றிப் பேசினார். கடைசியில், அவளுடைய பூடைக் கழுத்துக் குஞ்சுகளைத் திருப்பித் தந்துவிடுவதாகச் சொல்லிவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“நேசபாய், அந்தப் பெட்டைக் குஞ்சு முட்டை இட்டா, அடைக்குக் கொஞ்சம் தருவியா?”

அவள் ஓலையிலிருந்து கையை எடுக்கவில்லை. “தருகேன். அடைக்குக் கேட்டா இல்லேன்னு சொல்லப்பிடாதுல்லா, பிள்ளைவாளே.”

ஆவணிக்குள் பிள்ளை அடைக்கு உட்கார ஒரு நாட்டுக்கோழியை வாங்கி வைத்திருந்தார். நேசபாய் ஓலைப்பெட்டி நிறைய முட்டை கொண்டுவந்து வேலிக்கு மேலே நீட்டினாள். கோடு எதுவும் இல்லாத வெள்ளை முட்டைகள். பிள்ளையின் கை பழக்கத்தில் கரித்துண்டை எடுத்துவிட்டது. கொஞ்ச நேரம் அதை வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு இரும்பாணியோடு சேர்த்து இடிக்கென்று அடைப் பெட்டியின் அடியில் போட்டார்.

வெளியே வந்து பித்தளைப் பூட்டைப் பூட்டினார். கீரி வருகிறது என்று சொல்லிக்கொண்டார். நிமிர்ந்து பார்த்தபோது கூரையில் ஓர் ஓலை மட்டும் கட்டு விட்டு லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. அதை இழுத்துக் கட்ட ஒரு நிமிஷம் ஆகாது. அவர் கட்டவில்லை.