ஆறிப்போன நேரம்

பத்து நாள் இருக்கும். எங்கள் மில் முற்றத்தில் ஒரு ஊர்வலம் போனது.

முன்னால் நான். ஒரு கையில் துண்டுச் சீட்டு, இன்னொரு கையில் டீ டம்ளர். எனக்குப் பின்னால் மேனேஜர். அவருக்குப் பின்னால் மெட்ராஸிலிருந்து வந்த ஒரு என்ஜினியர், பெங்களூரிலிருந்து வந்த ஒரு என்ஜினியர். ரெண்டு பேரும் கையைத் தூக்கி வாட்சையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

எதற்கு? நான் எம்புட்டு நேரத்தில் நடக்கிறேன் என்று பார்ப்பதற்கு...

ரிட்டயர் ஆகிற வயசு தாண்டியும், டீ நன்றாக இருக்கிறது என்பதற்காக என்னை ஆயா வேலையில் வைத்திருக்கிற மில் அது. மேனேஜர் இந்தப் பத்திரிகை வாங்குவதில்லை. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

எங்கள் மில்லில் ரெண்டு கம்ப்யூட்டர். ஒன்று மாடி ஆபீஸில். அதற்கு ஏசி ரூம், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகணும். இன்னொன்று கீழே கேட் ஆபீஸில். அதற்கு ஒரு டேபிள் ஃபேன். ரெண்டும் வேறு வேறு கம்பெனி. உள்ளே ஓடுகிற சிஸ்டமும் வேறு வேறாம். வயர் போட்டு இணைத்தாலும் ஒன்றோடு ஒன்று பேசாதாம். ஒரே வீட்டில் தனித்தனி அடுப்பு வைத்த ஓரகத்திகள் என்று நானாகப் புரிந்துகொண்டேன்.

மாடி மெஷினைப் பார்த்துக்கொள்வது ஃபாத்திமா, கோரிப்பாளையத்துப் பெண். அந்த மெஷின் உள்ளுக்குள்ளே லண்டன் நேரத்தை வைத்திருக்கிறதாம். நமக்குக் காட்டும்போது அஞ்சரை மணி கூட்டிக் காட்டுமாம். புருஷன் வெளிநாட்டில் இருக்கிற பெண்கள் அப்படித்தானே? கை இங்கே கீரை ஆயும், மனசு அங்கே மணி என்ன என்று ஓடும்.

கீழ் மெஷின் அப்படி இல்லை. கரன்ட் போய் வந்தால் போதும், எல்லாம் மறந்துவிடும். 1980 ஜனவரி ஒண்ணாம் தேதி என்று நிற்கும். இன்றைக்கு என்ன தேதி, இப்போது மணி என்ன என்று நாம்தான் சொல்லிக் கொடுக்கணும். பேட்டரி மாடிக்கு மட்டும்தான் வாங்கினார்கள்.

ஆகவே மேனேஜர் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். கரன்ட் வந்ததும் மாடி மெஷினைப் பார்த்து ஃபாத்திமா ஒரு சீட்டில் மணியை எழுதணும். கையெழுத்துப் போடணும். பக்கத்து ரூம் ஹெட் கிளார்க்கும் ஒரு கையெழுத்துப் போடணும். அந்தச் சீட்டை, கேட் கிளார்க்குக்குக் கொண்டுபோகிற டீயோடு சேர்த்து, நான் கேட் ஆபீஸில் கொடுக்கணும். கேட் கிளார்க் அருள்சாமி அதைப் பார்த்து மெஷினில் தட்டிவிட்டு, சீட்டை ஃபைலில் கோக்கணும். நேரமே ஆனாலும் முறைப்படி எழுத்தில் வரணும் அவருக்கு.

இதில் மாட்டியது பார்வதி.

பார்வதி நூல் சுற்றுகிற செக்‌ஷன். சோழவந்தானிலிருந்து வருகிறாள். மூணு மணிக்குச் சங்கு ஊதினால் மற்ற பெண்கள் தலையில் ஒட்டின பஞ்சைத் தட்டி, கை கால் கழுவி, கொண்டை போட்டுக்கொண்டு ஆடி அசைந்து வருவார்கள். பார்வதி மட்டும் பஞ்சுத் தலையோடு ஓடுவாள். மூணு பத்து பஸ்ஸை விட்டால் அடுத்தது நாலரைக்குத்தான். அவள் பிள்ளை இருக்கிற பால்வாடியை நாலு மணிக்குப் பூட்டிவிடுவார்கள்.

கேட்டில் டோக்கன் நம்பரைச் சொன்னால் அருள்சாமி தட்டுவார். நேரத்தை மெஷினே போட்டுக்கொள்ளும். அந்தப் பேப்பரில் பார்வதி வெளியே போனது ரெண்டு ஐம்பத்தாறு என்று வந்தது. ஒரு தடவை இல்லை, மூணு தடவை. ரெண்டுக்கு மெமோ கொடுத்தாகிவிட்டது. மூணாவது மெமோ என்றால் சஸ்பெண்ட்.

"சங்கு ஊதின பிறகுதான் சார் போனேன்" என்று அவள் அழுதாள்.

"மெஷின் பொய் சொல்லுமா?" என்றார் மேனேஜர்.

ஃபாத்திமாதான் மாடிப் பேப்பரை எடுத்து வந்தாள். நூல் எடை போடுகிற இடத்திலிருந்து மாடி மெஷினுக்கு ஒரு வயர் போகிறது. அதே நாளில் ரெண்டு ஐம்பத்தெட்டுக்கு பார்வதி நூலை எடைக்கு வைத்ததாக அதில் இருந்தது. அதாவது, ஐம்பத்தாறுக்குக் கேட்டைத் தாண்டினவள் ஐம்பத்தெட்டுக்கு உள்ளே நின்று எடை போட்டிருக்கிறாள்!

மேனேஜர் ரெண்டு கம்பெனிக்கும் தந்தி கொடுத்தார்.

வியாழக்கிழமை ரெண்டு என்ஜினியரும் வந்தார்கள். மெட்ராஸ்காரர் கீழ் மெஷினுக்குப் பொறுப்பு. மாடி மெஷின்தான் தப்பு, லண்டனையும் மதுரையையும் குழப்பிக்கொள்கிறது என்றார். பெங்களூர்க்காரர், பிறந்த தேதியே மறந்துபோகிற மெஷினை நம்பி ஒரு பெண்ணை வேலையை விட்டு அனுப்புவீர்களா என்றார். மத்தியானம் வரை இப்படியே போனது. நான் நாலு தடவை டீ போட்டேன்.

கடைசியில் ஆளுக்கொரு மெஷின் முன்னால் நின்று, தங்கள் வாட்சுகளைச் சரிபார்த்துக்கொண்டு, ஒரே நேரத்தில் மணியைக் கொடுத்தார்கள். ரெண்டு மணி நேரம் காத்திருந்து பார்த்தார்கள். அரை நிமிஷம்கூட வித்தியாசம் இல்லை.

"அப்ப ரெண்டு மெஷினும் ஒழுங்கு. எடை போட்டதுலதான் ஏதோ தில்லுமுல்லு" என்று மேனேஜர் பேனாவைத் திறந்தார். வாசலில் பார்வதி சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு மூணு பத்து பஸ் போயே போய்விட்டது.

மேனேஜர் ரூமில் நான் வாயைத் திறந்ததே இல்லை... டம்ளரை வைப்பேன், எடுப்பேன். ஆனால் ஒரு விஷயம் மட்டும் அரித்துக்கொண்டே இருந்தது. மற்ற நாளில் எல்லாம் என் டீயைப் புகழ்கிற அருள்சாமி, கரன்ட் போன நாளில் மட்டும் "என்ன ஆயாம்மா, இன்னைக்கும் பச்சத்தண்ணியா?" என்று கேட்பார்.

"சார்... டீ ஆறிருது" என்றேன்.

"இப்ப டீ கேட்டேனா?"

போய்விடலாம் என்றுதான் திரும்பினேன். பார்வதி முகம் தெரிந்தது.

"சீட்டு எழுதும்போது சூடாத்தான் சார் இருக்கு. ஹெட் கிளார்க் சார்கிட்ட ரெண்டாவது கையெழுத்து வாங்கி, செருப்பை மாட்டி, படி இறங்கி, முத்தத்தைத் தாண்டிப் போறதுக்குள்ள ஆறிருது. டீயே ஆறுதுன்னா, சீட்டுல எழுதின மணி மட்டும் அப்படியே இருக்குமா?"

பெங்களூர்க்காரர்தான் முதலில் எழுந்தார். சிரிக்கவில்லை. "அம்மா, இப்ப ஒரு தடவை சீட்டு கொண்டுபோய்க் காட்டுறீங்களா?" என்றார்.

அதுதான் அந்த ஊர்வலம்.

முதல் தடவை மூணு நிமிஷத்தில் போய்விட்டேன். பின்னால் மூணு ஆம்பிளைகள் வந்தால் கால் தானாக ஓடாதா? ஹெட் கிளார்க்கும் சீட்டைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார். "எப்பவும் போற மாதிரி போங்கம்மா" என்று திரும்ப நடக்கவிட்டார்கள். எப்பவும் எப்படிப் போவேன் என்பதே மறந்துவிட்டது. எந்தக் காலை முதலில் வைப்பேன்? மூணாவது தடவைதான் சரியாக வந்தது. அஞ்சு நிமிஷம். ஃபாத்திமா சரியாகத்தான் எழுதினாள், அருள்சாமி சரியாகத்தான் தட்டினார். ஆனால் தட்டினது அஞ்சு நிமிஷப் பழைய மணி!

அருள்சாமிக்கும் ஒரு சந்தேகம் இருந்ததாம். கரன்ட் போகிற நாளில் மூணு மணிச் சங்கு முந்தி ஊதுகிறதே என்று. சங்கு ஊதுகிற மாடிக்காரர்களுக்கு வீட்டுக்குப் போகிற அவசரம் என்று விட்டுவிட்டாராம்.

மேனேஜர் ரெண்டு மெமோவையும் கிழித்தார். பார்வதி என் கையைப் பிடித்தாள். எனக்குக் கூசியது. அவளை மாட்டிவிட்டதே என் நடைதானே?

யோசித்துப் பார்த்தால் நாம் எல்லோரும் இப்படித்தான். "இங்கு அனைவரும் நலம்" என்று இன்லாண்டு லெட்டர் எழுதிப் போடுகிறோம். அது போய்ச் சேருகிற அன்றைக்கு இங்கே ஒருத்தருக்குக் காய்ச்சல், ஒருத்தருக்கு வயிற்றுப்போக்கு. எழுதினது பொய்யா? இல்லையே. வந்து சேர நாளாகிவிட்டது, அவ்வளவுதான்.

இனிமேல் சீட்டில் அஞ்சு நிமிஷம் கூட்டி எழுதணும் என்று ஏற்பாடானது. அதோடு முடிந்திருக்கணும். நான் விட்டேனா?

சனிக்கிழமை விடிந்ததும் கரன்ட் போய் வந்தது. இன்னொரு தடவை என்னால் ஒரு பெண் அழக் கூடாது என்று சீட்டை வாங்கிக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். மூணே நிமிஷம். முட்டி வலி தெரியவில்லை.

கேட் மெஷின் ரெண்டு நிமிஷம் முந்திவிட்டது. ஏழு மணி ஷிஃப்ட்டுக்குச் சரியாக வந்த பதினோரு பேருக்கு லேட் விழுந்தது. அதில் பார்வதியும் ஒருத்தி.

விசாரணையில் அருள்சாமி ஒரே வார்த்தைதான் சொன்னார். "அன்னைக்கு டீ கொதிக்கக் கொதிக்க வந்துச்சு சார்."

எல்லோருடைய லேட்டையும் அடித்துவிட்டு, மேனேஜர் எனக்கு ஒரு உத்தரவு டைப் அடித்துக் கொடுத்தார். நேரச் சீட்டு கொண்டுபோகும்போது ஆயா ஓடக் கூடாது, வழக்கமான நடையிலேயே செல்ல வேண்டும். ரெண்டு காப்பி. எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

"பெரியம்மா, என் வேலையே உங்க நடையிலதான் இருக்கு. முட்டி வலி கிட்டி வலின்னு லீவு போட்டுராதீங்க" என்கிறாள் பார்வதி.

என்னைப் பார்த்து "சுருக்கா வா" என்று சொல்ல, இப்போது மில்லில் ஒருத்தருக்கும் அதிகாரம் இல்லை.