நாலு விரல் இடம்

மற்றவர்களின் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் பித்தளைக் குத்துவிளக்கோ வெள்ளிச் செம்போ இருக்கும். எங்கள் வீட்டு அலுமாரியில் இருந்தவை வேறு. அப்பா மொன்றியலில் முதன்முதல் வாங்கிய மெற்றோ மாதச் சீட்டு, நான் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் என் கையில் கட்டிய பிளாஸ்ரிக் பட்டி, மூலைக் கடையில் முதல் தடவை பால் வாங்கிவந்த பை. பையை அம்மா நாலாக மடித்து வைத்திருந்தார். குப்பையை எறிய மறந்துவிட்டார்கள் என்று வந்தவர்கள் நினைத்திருக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். வினை அங்கேதான் தொடங்கியது.

அலுமாரிக்குள் அடங்காத பொருள் ஒன்றும் இருந்தது. ஒரு சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு. 1987 மாசியில் அப்பா வந்திறங்கியபோது தேவாலயத்தின் நிலவறையில் கொடுத்தது. தங்கியிருந்த விடுதியில் களவு போகாமல் இருக்க, உள்துணியில் ‘பேனாட்’ என்று தன் பெயரை எழுதினார். அடுத்த குளிருக்குச் சொந்தமாகக் கோட்டு வாங்கியதும், இதைப் புதிதாக வந்த ஒருவருக்குக் கொடுத்தார். அவரும் பெயரை எழுதித் திருப்பிக் கொடுத்தார். பிறகு அது வழக்கமாகிவிட்டது. மட்டக்களப்பிலோ திருகோணமலையிலோ இருந்து மொன்றியலில் நாங்கள் இருந்த பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதிக்கு வந்த எங்கள் ஆட்கள் முதல் குளிரை அந்தக் கோட்டுக்குள் கழித்தார்கள். திருப்பித் தராதவர் ஒருவரும் இல்லை. அவ்வளவு அவலட்சணமான கோட்டு.

1988இல் அம்மாவும் அதைப் போட்டார். அது ஆண்கள் கோட்டு. ஆனால் என்னை வயிற்றில் வைத்திருந்தவருக்கு மேலே மூடக்கூடியது அது ஒன்றுதான். ஆக, நானும் அதற்குள் இருந்திருக்கிறேன். கையெழுத்துப் போடத்தான் வசதி இருக்கவில்லை.

‘கிறேஸ்’ என்று எழுதிய அம்மா அதற்குக் கீழே நாலு விரல் இடம் விட்டார். அது அருமைராசா மாமாவுக்கு. அம்மாவின் ஒரே தம்பி. அப்போது இந்தியாவில் அகதி முகாமில் இருந்தார். பிறகு வந்தவர்கள் பேனாவை எடுக்கும்போதெல்லாம் அம்மா பக்கத்தில் நின்று, அந்த இடத்தில் மட்டும் எழுத வேண்டாம் என்பார். பதினெட்டு வருடமாக அந்த நாலு விரல் வெறுமையாகவே கிடந்தது. மாமாவின் விண்ணப்பம் இரண்டு தடவை திரும்பி வந்தது.

2006 ஆனியில் நான் பள்ளிக்கூடத்தை முடித்தேன். விமானப் பணிப்பெண், தாதி, வானொலி அறிவிப்பாளர் என்று மூன்று எதிர்காலங்கள் என் கைவசம் இருந்தன. ஒன்றுக்கும் விண்ணப்பிக்கவில்லை. ஜூலை முதலாம் தேதி, பாதி நகரம் வீடு மாறும் அந்த நாளில், நாங்களும் மூன்று தெரு தள்ளி மாறினோம். பெட்டி கட்டும் பொறுப்பு எனக்கு. தேவையில்லாததை எறிந்தால் மனம் தெளியும் என்று எங்கோ வாசித்திருந்தேன். என் மனத்தைத் தெளிய வைக்க அம்மாவின் கோட்டை எறிந்தேன்.

நடைபாதையில் வைத்துப் பத்து நிமிடம் இல்லை. ஒருவர் அந்த வெயிலில் அதைப் போட்டுப் பார்த்து, என்னிடம் பிரெஞ்சில் “மெர்சி” என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார். நல்ல காரியம் செய்ததாக எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

ஐப்பசியில் தொலைபேசி வந்தது. தேவாலயம் பொறுப்பேற்றதால் மாமாவுக்கு விசா கிடைத்துவிட்டது, மார்கழியில் வருகிறார். அம்மா அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, கோட்டு எங்கே என்பதுதான். கீழே சாமான் அறையில் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது என்றேன். அந்த வேகத்தில் பொய் வரும் என்று எனக்கே தெரியாது.

ஐந்து பழைய உடுப்புக் கடைகள் ஏறி இறங்கி, அதே சாம்பல் நிறத்தில் ஒன்றைப் பிடித்தேன். பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒன்பது பேருடைய பெயர்களையும் எழுதினேன். சிலதை இடது கையால் எழுதினேன். உருத்திரமூர்த்தி மாமாவின் பெயர்தான் திறமாக வந்தது. அவர் அம்மாவுக்குச் சொந்தமில்லை, திருகோணமலைக்காரர். ஒவ்வொரு வருடமும் என் பிறந்தநாளுக்கு அட்டை அனுப்பியவர். மூன்று வருடத்துக்கு முன் நெஞ்சுவலியில் போய்விட்டார். அட்டையைப் பக்கத்தில் வைத்து, கடைசி எழுத்தின் நீண்ட வாலைக்கூட விடாமல் வரைந்தேன். அந்த நாலு விரல் இடம் யாருக்கு என்பதை மறந்து, நடுவில் வெறுமையாக இருந்தால் சந்தேகம் வரும் என்று புஷ்பராணி மாமியின் பெயரை அம்மாவின் பெயருக்குக் கீழே எழுதினேன். அவ்வளவு கெட்டிக்காரி நான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். என் அம்மா ஷபனெல் தெருவில் ஒரு தையல் தொழிற்சாலையில் பதினாறு வருடமாகக் கோட்டுகளுக்குப் பொத்தான் துளை போடுகிறவர். உலகத்தில் வேறு யாரையாவது கோட்டால் ஏமாற்றப் பார்த்திருக்கலாம்.

அம்மா கோட்டை வாங்கினார். முன்பக்கத்தை ஒருமுறை தடவினார். உள்துணியை விரித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். “சரி” என்று சொல்லிவிட்டுத் தையல் மெஷின் இருந்த அறைக்குக் கொண்டுபோனார். தப்பினேன் என்று அன்றைக்கு இரண்டு கோப்பை சோறு கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒரு கிழமை கோட்-டெ-நெய்ஜிலிருந்து ஜெறோம் அண்ணை, அடுத்த கிழமை தம்பிமுத்து மாமா, பிறகு புஷ்பராணி மாமி. வருவார்கள், தேத்தண்ணி குடிப்பார்கள், அம்மாவோடு அந்த அறைக்குள் போய் வருவார்கள். வெளியே வந்து என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்களோ என்று பயந்து, சீஜெப் கல்லூரிக்குப் படிவம்கூட நிரப்பினேன்.

மார்கழி பன்னிரண்டு. டோர்வல் விமான நிலையம். மாமா மெல்லிய சேட்டோடு வந்தார். கட்டிப்பிடித்து அழுது முடிய, அம்மா பையிலிருந்து கோட்டை எடுத்துப் போட்டுவிட்டார். மாமா பொத்தானைப் பூட்டினார். பொத்தான்கள் அவருக்கு வலப்பக்கம் இருந்தன.

நான் வாங்கியபோது அவை இடப்பக்கம் இருந்தன. பெண்கள் கோட்டில்தான் பொத்தான் இடப்பக்கம் வரும்; நான் வாங்கியது பெண்கள் கோட்டு. அது எனக்கு அந்த நிமிடத்தில்தான் விளங்கியது. கிட்டப் போய்ப் பார்த்தேன். பழைய துளைகளைத் தைத்து மூடி, அந்தத் தழும்புகளின் மேலேயே அம்மா பொத்தான்களை வைத்திருந்தார்.

மாமா கோட்டைக் கழற்றி உள்ளே பார்த்தார். உள்துணி புதிது. அப்பாவின் பெயர் அப்பாவின் எழுத்தில் இருந்தது. ஜெறோம் அண்ணையின் பெயர் அவருடைய கோணல் எழுத்தில். ‘கிறேஸ்’. அதற்குக் கீழே நாலு விரல் இடம்.

ஓரத்தில் மட்டும் ஒரு துண்டுப் பழைய துணி, சுற்றிவரப் பொடித் தையலோடு. ‘உருத்திரமூர்த்தி’. நீண்ட வால். என்னுடைய எழுத்து.

“அம்மா, இத ஏன் விட்டீங்க?”

“மத்தவங்க வந்து எழுதிட்டாங்க. அவர் இனி வந்து எழுத மாட்டார்.” அம்மா அந்தத் துண்டை விரலால் நீவினார். “உன்ட களவெழுத்துத்தான் இனி அவர்ட எழுத்து. நல்லாத்தான் எழுதியிருக்காய்.”

என் மூன்று எதிர்காலங்களிலும் இப்படி ஒரு வேலை இருக்கவில்லை.

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த வெற்றிடத்தைத் தொட்டு, “இது ஆருக்கு அக்கா?” என்று கேட்டார்.

“உனக்குத்தான் தம்பி. எழுது.”

மாமா சட்டைப்பையைத் தடவினார். பேனா இல்லை. அம்மா என் பக்கம் தலையை ஆட்டினார்.

“மருமகள்ட்டக் கேள். கோட்டில எழுதுறதுக்கெண்டே அஞ்சாறு பேனை வச்சிருக்கா.”