கொக்கக்காவின் பதினைந்து படங்கள்

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் ஒரு டாக்டர் கோட்டைக் கருக்கிவிட்டேன். அது ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவு. யார் தேய்த்த துணி என்று தெரிவதற்காக ஆளுக்கொரு நிற நூலைக் காலரில் கோத்துவிடுவோம். என் நூல் பச்சை. பயந்துபோய், யாரிடமும் சொல்லாமல் கோட்டை அடுக்குக்குள் செருகிவிட்டேன். மறுநாள் மேஸ்திரி அதைத் தூக்கிக் காட்டித் திட்டியபோது காலரில் சிவப்பு நூல் இருந்தது. சிவப்பு கொக்கக்காவுடையது. தலையைக் குனிந்து எல்லாத் திட்டையும் வாங்கிக்கொண்டாள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. கடவுள் என்னை மன்னிக்கட்டும்.

இஸ்திரி மெஷினுக்குக் காலால் மிதிக்கிற பெடல் உண்டு. நாள் முழுக்க ஒரு காலை அதில் வைத்து, மறுகாலில் நிற்க வேண்டும். அக்கா உயரம், கழுத்தும் நீளம். அதனால் கொக்கு. எங்களைப் போன்ற சின்னவர்களுக்குக் கொக்கக்கா. கல்யாணம் ஆகவில்லை. படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பாவோடு, அண்ணன் வீட்டுப் பின்னறையில் இருந்தாள்.

அவளுக்கு ஒரே ஆசை, ஓவியப் பள்ளியில் சேர வேண்டும் என்பது. இரண்டு முறை எழுதிப் போட்டு, இரண்டு முறையும் பதிலே வரவில்லை. அந்த வருடம் அவளுக்கு முப்பத்துநான்கு. முப்பத்தைந்து ஆகிவிட்டால் சேர்க்க மாட்டார்கள். அதுதான் கடைசி வருடம்.

விண்ணப்பத்தோடு ஒரு தாள் வந்தது. நாளுக்கு ஒன்றாகப் பதினைந்து சோதனை, பதினைந்து படம். எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும், ஆனாலும் படித்துப் பார்த்தேன். தாளைப் பார்க்காமல் உங்கள் கையை வரையுங்கள் என்றது ஒன்று. ஒரு சத்தத்தை வரையுங்கள் என்றது இன்னொன்று.

“சத்தத்த எப்பிடிக்கா வரையறது? அதுக்கு மூக்கா முழியா?”

“தெரியலடி. தெரியாததத்தான் கேக்கறாங்க போல.”

சாப்பாட்டு நேரத்தில் கொதிகலனுக்குப் பின்னால் உட்கார்ந்து வரைவாள். பிள்ளைகள் வாங்குகிற மெழுகு வண்ணக்குச்சி ஒரு பெட்டி வைத்திருந்தாள். முதல் நான்கைந்து நாள் வரைந்ததைக் கிழித்துக்கொண்டே இருந்தாள். சத்தத்துக்காகக் கொதிகலன் வாயைத் திறந்த மாதிரி வரைந்தாள், பிடிக்கவில்லை. கடைசியில் வெறும் பழுப்பை வட்டம் வட்டமாகத் தேய்த்து, நடுவில் ஒரு வெள்ளை இடம் விட்டாள். பார்த்ததும் எனக்குக் காது அடைத்தது. “இப்பப் புரியுதுடி, வரையாம விடறதும் வரையறதுதான்” என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பிடிக்காத ஒன்றை அழகாக வரையுங்கள் என்ற நாளில் மேஸ்திரியின் மூக்கை வரைந்தாள். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன கொக்கு, மீனு மாட்டுச்சா?” என்றார். அது தன் மூக்கு என்று அவருக்குத் தெரியவில்லை. மலை என்று நினைத்துக்கொண்டார். நாங்கள் துணி மூட்டையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தோம்.

பதினைந்தும் முடிந்தன. ஆனால் சலவைப் பிரிவில் எந்நேரமும் நீராவி. தாளெல்லாம் ஈரம் குடித்து அப்பளம் போலச் சுருண்டிருந்தது. மறுநாள் காலை நேர்முகத் தேர்வு.

அக்கா பதினெட்டு வருடம் இஸ்திரி போட்டவள். சுருக்கத்தோடு எதையும் வெளியே அனுப்பக் கூடாது என்பது அவள் கைக்கு வேதம். ஒரு வெள்ளைப் பெட்ஷீட்டை விரித்தாள், படங்களை ஒன்றை ஒன்று தொடாமல் குப்புற அடுக்கினாள், மேலே இன்னொரு துணி போட்டாள், பெடலை மிதித்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் தோன்றவில்லை. மெழுகு உருகும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும், எங்கள் இரண்டு பேருக்கும் அந்த நிமிடம் சுருக்கம் மட்டும்தான் கண்ணில் பட்டது.

மூடியைத் தூக்கியதும் வாசனையே சொல்லிவிட்டது. தாள்கள் மழையில் நனைந்த சுவர் மாதிரி கலங்கிப்போயிருந்தன. பாதி நிறம் பெட்ஷீட்டில் இறங்கியிருந்தது. ஆனால் அந்தப் பெட்ஷீட்! பதினைந்து படமும் அதில் திரும்பி நின்றன. பனிக்குள்ளிருந்து பார்ப்பது போல, கையும் சத்தமும் மூக்கும். அக்கா அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இத எடுத்துட்டுப் போயிடுங்கக்கா. நல்லாருக்கு.”

“ஆஸ்பத்திரி பெட்ஷீட்டுடி. நம்மளுது இல்ல.”

“மேஸ்திரிகிட்டக் கேளுங்க.”

“எத்தன பெட்ஷீட்டுக்குக் கணக்குச் சொல்லுவாரு அந்த மனுஷன்? விடு.”

அவளே வெந்நீரில் சலவைக் காரம் போட்டு மூன்று தடவை துவைத்தாள். வெள்ளை வெளேரென்று வந்தது.

துணைக்கு நானும் போனேன். நீளமான தாழ்வாரம். பெஞ்சு முழுக்கப் பதினெட்டு வயதுப் பிள்ளைகள். ஒரு பெண் அக்காவுக்கு இடம் விட்டு, “ஆன்ட்டி, உங்க பொண்ணு உள்ள போயிருக்காளா?” என்று கேட்டாள். “இல்லம்மா, நாந்தான்” என்றாள் அக்கா. அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கதவு பாதி திறந்திருந்ததால் உள்ளே பேசியது எனக்குக் கேட்டது. ஆசிரியர் படங்களை வெகுநேரம் புரட்டினார்.

“என்ன பண்ணுனீங்க இத?”

“அயர்ன் பண்ணேன் சார்.”

அவர் சிரிக்கவில்லை. “இறங்குன நிறமெல்லாம் எங்க? அடியில துணி போட்டிருப்பீங்கல்ல?”

“பெட்ஷீட்டு சார். தொவச்சிட்டேன்.”

“தொவச்சிட்டீங்களா?”

“ஆஸ்பத்திரியோடது சார்.”

அவர், “அதத்தாம்மா நீங்க கொண்டுவந்திருக்கணும்” என்றார். “இத வெச்சு நான் யாருகிட்டயும் உங்களுக்காகப் பேச முடியாது. அடுத்த வருஷம்...” என்று ஆரம்பித்தவர், விண்ணப்பத்தில் வயதைப் பார்த்திருக்க வேண்டும். கோப்பை மூடுகிற சத்தம்தான் கேட்டது.

பட்டியலில் அக்கா பெயர் வரவில்லை. அப்புறமும் அவள் கிழிந்த துணிகளைப் பொறுக்கி, தாளைக் குப்புற வைத்து அழுத்திப் பார்த்தாள். ஒன்று அதிகமாக உருகும், ஒன்று ஒட்டாது. அன்று வந்தது போல ஒரு தடவைகூட வரவில்லை. சில மாதத்தில் அதையும் விட்டாள். நான் தினம் அவளுக்காக மண்டியிட்டு வேண்டினேன். கடவுள் எதற்குக் காது கொடுக்கிறார், எதற்குக் கொடுப்பதில்லை என்று அளக்க நான் யார்?

இரண்டு வருடம் கழித்து அண்ணனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. அப்பாவைப் பார்த்துக்கொள்ள அக்காவும் போக வேண்டியதாயிற்று. பஸ் ஏற்றிவிடப் போனேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஆள்காட்டி விரல் பெட்டி மேல் என்னவோ கோடு போட்டுக்கொண்டே இருந்தது. “உங்களுக்காக வேண்டிக்கிட்டேதான்கா இருக்கேன், ஒரு வழி பொறக்கும்” என்றேன்.

அவள் விரலை மடக்கிக்கொண்டாள். “வழி பொறக்கணும்னு இனிமே வேண்டாதடி. இந்த ஆசை என்னை விட்டுப் போகணும்னு வேண்டிக்கோ. அது போனாப் போதும், அங்கயும் நான் நிம்மதியா இஸ்திரி போடுவேன்” என்றாள்.