ஆடி மாதத்து வேப்பிலை

தவறு என்னுடையது. பழியை எஸ்தர் சிஸ்டர் மீது போட்டேன்.

அப்போது நான் காஞ்சிபுரத்தில் ஒரு மருத்துவமனையின் கேஷுவாலிட்டி டாக்டர். வாசலில் ட்ரையாஜ் மேஜையில் எஸ்தர். யார் உடனே உள்ளே போக வேண்டும், யார் காத்திருக்கலாம், தொற்று இருக்குமோ என்று யாரைத் தனியே உட்கார வைக்க வேண்டும் என்று பிரிப்பது அவர் வேலை. ஓர் ஆடி வெள்ளிக்கிழமை, பிள்ளையார்பாளையத்து நெசவாளர் ஒருவர் காய்ச்சலடித்த மகனைத் தூக்கிக்கொண்டு வந்தார். என் மகளின் கல்யாணப் புடவையை நெய்தவர். பையனின் அரைஞாண் கயிற்றில் வேப்பிலை செருகியிருந்தது. எஸ்தர் இருவரையும் வெளிக்கொட்டகைக்கு அனுப்பினார்.

"வூட்ல யாருக்கோ அம்மை போட்டிருக்குது சார். கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கிறாங்க."

"ஆடி மாசம்மா. ஊரே வேப்பிலையைச் செருகிக்கினு திரியுது. தெரிஞ்ச மனுஷன், கொட்டகைல உட்கார வச்சிருக்கியே. உள்ள கூப்பிடு."

"முதுகைப் பார்த்துட்டுக் கூப்பிடலாமே சார்."

"டாக்டர் நீயா, நானா?"

கூடத்தில் ஒரு கர்ப்பிணிக்குப் பக்கத்தில் பையன் உட்கார்ந்தான். நான் அவன் சட்டையைக் கழற்றிப் பார்ப்பதற்குள் அந்தப் பெண் வீட்டுக்குப் போய்விட்டார். பையனின் முதுகெல்லாம் கொப்புளம். சில வாரங்களில் அந்தப் பெண் அம்மையோடு மூச்சுத் திணறி வந்து சேர்ந்தார். தாயும் குழந்தையும் பிழைத்தார்கள். பையனை உள்ளே விட்டது யார் என்ற விசாரணையில், "ட்ரையாஜ் நர்ஸின் பொறுப்பு" என்றேன். எஸ்தர் என்னைப் பார்த்தார். அவரைக் கருவிகள் கழுவும் அறைக்கு மாற்றினார்கள்.

கொரோனா காலத்தில் ஆளில்லாமல் அவரைத் திரும்ப ட்ரையாஜுக்குக் கூப்பிட்டார்கள். அவர் வேலையைப் பார்த்து, பிறகு நோயாளி வந்ததுபோல் நடித்து நர்ஸ்களைப் பழக்கும் சிமுலேஷன் பயிற்சியையும் அவரிடமே ஒப்படைத்தார்கள். நடிக்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். நான் ஓய்வு பெற்றிருந்தேன்.

"நோயாளி வேஷத்துக்கு ஆள் இருக்குது சார்," என்றார் எஸ்தர்.

"டாக்டர் வேஷம் குடும்மா. நர்ஸ் சரியா செய்யறதைக் கெடுக்கிற டாக்டர்."

"உங்களுக்கு ஒத்திகை தேவைப்படாது," என்றார்.

பொம்மைப் பையனின் முதுகில் ஒட்டுப்பொட்டுகளைக் கொப்புளமாக ஒட்டி, இடுப்பில் வேப்பிலை செருகினோம். அன்று சொன்னதையே சொன்னேன். முதல் பேட்சில் ஒருவர் விடாமல் பணிந்தார்கள். தேன்மொழி என்கிற பெண், "சரி சார்" என்று பொம்மையை உள்ளே தூக்கிக்கொண்டே போய்விட்டாள். முடிந்ததும் எல்லோரையும் உட்கார வைத்து, நடந்ததைச் சொன்னேன். நான் பொய் சொன்னதையும் சொன்னேன். அன்றே நிர்வாகத்திடமும் போய்ச் சொன்னேன்.

எஸ்தர் பொட்டுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தார். "அடுத்த வாரமும் வாங்க சார். அன்னிக்கு இன்னும் சத்தமா அதட்டினீங்க."

போனேன். பல பேட்ச்களை அதட்டிவிட்டேன்.

சென்ற மாதம் காய்ச்சலும் இருமலுமாக அங்கே போனேன். மேஜையில் தேன்மொழி.

"இன்னிக்கும் நடிப்பா சார்?"

"நெசந்தாம்மா. நேரா டாக்டரைப் பார்த்துடறேன்," என்று பழக்கதோஷத்தில் உள்ளே நடந்தேன்.

கையை நீட்டி மறித்தாள். "மாஸ்க் போட்டுக்கினு கொட்டகைல உட்காருங்க சார். நான் கூப்பிடறேன்."

உட்கார்ந்தேன். எஸ்தர் வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தார்.

"தெரிஞ்ச மனுஷன், கொட்டகைல உட்கார வச்சிருக்கியே," என்றார் தேன்மொழியிடம்.

"உள்ள கூப்பிடணுமா சிஸ்டர்?"

"கூப்பிட்டுப் பாரேன், என்ன பண்றேன்னு."

இருவரும் சிரித்தார்கள். என் முறை வரும்வரை கொட்டகையிலேயே இருந்தேன்.